உங்கள் கணினியின் ‘ரூட்’ எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது? ஃபார்மட் பட்டனை அழுத்தும் முன் இதைப் படியுங்கள்

ராத்திரி பதினொன்றரை மணிக்குப் புனேயிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். “அக்கா, தூங்கிட்டியா? லேப்டாப் போச்சுக்கா.”

போச்சு என்றால் எப்படிப் போச்சு? ஆன் ஆகிறது. உபுண்டு லோகோ வருகிறது. ஒன்றரை நிமிடம் எதற்காகவோ காத்திருக்கிறது. பிறகு கறுப்புத் திரையில் ‘எமர்ஜென்சி மோட்’ என்று எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. நான்கு முறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்திருக்கிறான். ஐந்தாவது முறை, அறை நண்பனிடம் பென் டிரைவ் வாங்கி, உபுண்டுவைப் புதிதாகவே நிறுவிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டான்.

“எந்தப் பார்ட்டிஷன்ல போடணும்னு கேக்குதுக்கா. எஸ்டிஏ1-தானே? முதல் டிஸ்க், முதல் பார்ட்டிஷன். அதுதான ரூட்டா இருக்கும்? அதை ஃபார்மட் பண்ணிட்டுப் போட்டுடறேன். காலைல ஒன்பது மணிக்கு டெமோ இருக்கு.”

“கைய எடு. எதையும் தொடாத” என்றேன்.

அந்த லேப்டாப்பில்தான் சித்தப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருக்கின்றன. வேறெங்கும் நகல் கிடையாது. இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ராத்திரி பதினொன்றரை மணிக்கு, காலையில் டெமோ இருக்கும்போது, அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் நாங்கள் தேடியது ஒரே கேள்விக்கான பதிலை: இந்தக் கணினியின் ரூட் கோப்பு முறைமை உண்மையில் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது? லினக்ஸ் பயன்படுத்தும் யாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். ஆபீஸில் சர்வர் பார்க்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

(ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே, ஒலிக்கும்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் இடம் விடாமல் தட்டவும்.)

ரூட் என்றால் எந்த ரூட்?

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. லினக்ஸில் ‘ரூட்’ என்ற சொல்லுக்கு மூன்று வேலை. எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிப் பயனரின் பெயர் ரூட். அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டருக்கும் ரூட் என்றுதான் பெயர்; ‘/ரூட்’ என்று எழுதுவார்கள். மூன்றாவது, ஒரு வெறும் சாய்வுக்கோடு: ‘/’. நாம் தேடுவது இந்த மூன்றாவதைத்தான்.

விண்டோஸில் ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனித்தனி வீடு மாதிரி. சி டிரைவ், டி டிரைவ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு உண்டு. லினக்ஸில் அப்படி இல்லை. மொத்தமும் ஒரே மரம். வேர் ‘/’. ஹோம், யுஎஸ்ஆர், ஈடிசி, வார் எல்லாம் அந்த வேரிலிருந்து பிரியும் கிளைகள். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ செருகினால், அது தனி மரமாக நிற்காது. இருக்கிற மரத்தின் ஏதோ ஒரு கிளையில் ஒட்டுப்போட்டதுபோல் வந்து உட்காரும். இப்படி உட்கார வைப்பதற்குத்தான் ‘மவுண்ட்’ செய்வது என்று பெயர்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வேர் இருக்க வேண்டும் இல்லையா? கணினி ஆன் ஆகும்போது லினக்ஸின் கெர்னல் முதலில் தேடுவது அதைத்தான். எந்தப் பார்ட்டிஷனில் அந்த வேர் இருக்கிறதோ, அதுவே ரூட் பார்ட்டிஷன். அதை ஃபார்மட் செய்தால் இயங்குதளம் போய்விடும். வேறொன்றை ரூட் என்று நினைத்து ஃபார்மட் செய்தால் இயங்குதளம் அப்படியே இருக்கும், அந்த வேறொன்றில் இருந்தது போய்விடும். இரண்டில் எது மோசம் என்பது அதில் என்ன வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

எஸ்டிஏ என்பது ஒரு பெயரே அல்ல

“முதல் டிஸ்க், முதல் பார்ட்டிஷன்” என்று அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் அது பெரும்பாலும் சரியாகவும் இருந்திருக்கும். எஸ்டி என்பது ஸ்கஸி வகை டிஸ்க்குகளுக்கு வைத்த முன்னொட்டு. முதலில் கண்ணில் படுவது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, அதற்கடுத்தது எஸ்டிசி. கடைசியில் வரும் எண் பார்ட்டிஷனுடையது. பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்குகளுக்கு எச்டிஏ, எச்டிபி என்று வேறு வரிசை இருந்தது. 2006, 2007 வாக்கில் அவையும் எஸ்டி வரிசைக்குள் வந்துவிட்டன. இன்று சாட்டா டிஸ்க், யூஎஸ்பி டிஸ்க், பென் டிரைவ் எல்லாமே எஸ்டிதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘கண்ணில் படுவது’ என்பதை. இந்த எழுத்து டிஸ்க்கின் மேல் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் எது முதலில் பதில் சொல்கிறதோ அது ஏ, அடுத்தது பி. பேருந்தில் ஏறும் வரிசை மாதிரி. நேற்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் இன்றும் அங்கேதான் உட்கார வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

புதிய லேப்டாப்களில் இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி-க்கு இந்த வரிசையே கிடையாது. அதன் பெயர் ‘என்விஎம்இ0என்1பி5’ என்பதுபோல் நீளமாக இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் உடைத்துப் படித்தால் எளிது. 0 என்பது கன்ட்ரோலரின் எண். என்1 என்பது அதிலுள்ள முதல் நேம்ஸ்பேஸ். லேப்டாப்பில் அநேகமாக ஒன்றுதான் இருக்கும். பி5 என்பது ஐந்தாவது பார்ட்டிஷன். ராஸ்பெரி பை போல எஸ்டி கார்டில் ஓடும் கருவிகளில் ‘எம்எம்சிபிஎல்கே0பி2’ என்று இருக்கும். அங்கே முதல் பார்ட்டிஷன் பூட் செய்ய, இரண்டாவதுதான் ரூட். கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி என்றால் ‘விடிஏ’ என்று வரலாம்.

ஆக, ஒரு கணினியில் எஸ்டிஏ என்று ஒன்று இருப்பதாலேயே அது ‘முதன்மை டிஸ்க்’ ஆகிவிடாது. தம்பியின் லேப்டாப்பில் அதுதான் நடந்தது. உபுண்டு இருந்தது என்விஎம்இ-யில். எஸ்டிஏ என்பது அவன் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி இதில் மாட்டிய 1 டிபி ஹார்ட் டிஸ்க். இது எங்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

கணினி ஓடிக்கொண்டிருந்தால் வேலை சுலபம்

முதலில் சுலபமான நிலைமையைப் பார்த்துவிடுவோம். உங்கள் லினக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ரூட் எங்கே என்று மட்டும் தெரிய வேண்டும். டெர்மினலைத் திறந்து ‘ஃபைண்ட்எம்என்டி’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்வுக்கோடு போட்டு என்டர் தட்டுங்கள். ஃபைண்ட் மவுண்ட் என்பதன் சுருக்கம் அது. மவுண்ட்டில் உள்ள உயிரெழுத்துகளை விழுங்கிவிட்டார்கள். ஒரே வரியில் பதில் வரும்: எந்தச் சாதனம், எந்த வகைக் கோப்பு முறைமை, என்ன விருப்பங்களோடு மவுண்ட் ஆகியிருக்கிறது. ‘டிஎஃப் /’ என்று தட்டினாலும் அதே சாதனத்தின் பெயரும், எவ்வளவு இடம் மிச்சம் என்பதும் வரும்.

தரவுகளோடு வேலை செய்கிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரே மூலத்தை நம்ப மனசு வராது. இந்த விஷயத்தில் அது நல்ல பழக்கம்தான். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ரூட் பற்றிய தகவல் மூன்று இடங்களில் இருக்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு காலங்களைச் சொல்கின்றன.

‘/ப்ராக்/சிஎம்டிலைன்’ என்ற கோப்பைத் திறந்து பார்த்தால், பூட் ஆகும்போது கெர்னலுக்கு என்ன உத்தரவு கொடுக்கப்பட்டது என்று இருக்கும். அதில் ‘ரூட்=’ என்று தொடங்கும் பகுதிதான் நமக்கு வேண்டியது. ‘/ஈடிசி/எஃப்எஸ்டேப்’ என்ற கோப்பில், எது எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று நிறுவும்போது எழுதி வைத்த திட்டம் இருக்கும். ஃபைண்ட்எம்என்டி சொல்வது இந்த நிமிடத்தின் உண்மை நிலவரம். திட்டம், உத்தரவு, நிலவரம். மூன்றும் ஒரே பார்ட்டிஷனைக் காட்டினால் சந்தேகம் இல்லை. எஃப்எஸ்டேப் ஒன்றைச் சொல்லி நிலவரம் வேறாக இருந்தால், யாரோ டிஸ்க்கைக் குளோன் செய்து மாற்றியிருக்கிறார்கள், அல்லது பழைய கோப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் நிலவரத்தை நம்புங்கள். பட்ஜெட் மதிப்பீட்டுக்கும் இறுதிக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான் இதுவும்.

அப்புறம் ‘எல்எஸ்பிஎல்கே’. இது எல்லா டிஸ்க்குகளையும் அவற்றின் பார்ட்டிஷன்களையும் மரம்போல் வரைந்து காட்டும். கடைசிப் பத்தியில் ‘/’ என்று எந்த வரியில் இருக்கிறதோ அதுவே ரூட். உபுண்டுவில் இதைத் தட்டினால் ‘லூப்’ என்று ஒரு பெரிய பட்டியல் முதலில் வந்து கண்ணைக் கட்டும். அவை ஸ்னாப் செயலிகளுக்கானவை, டிஸ்க் அல்ல. ‘எல்எஸ்பிஎல்கே -இ7’ என்று தட்டினால் அவை மறைந்துவிடும். லூப் சாதனங்களுக்குக் கெர்னல் கொடுத்திருக்கும் வகை எண் 7, அதை விலக்கு என்று அர்த்தம்.

பதில் பார்ட்டிஷனாகவே இல்லாமலும் போகலாம்

ஆபீஸ் சர்வரில் ஃபைண்ட்எம்என்டி தட்டினால் ‘/டெவ்/மேப்பர்/’ என்று தொடங்கும் ஏதோ ஒன்று வரலாம். அங்கே ரூட் நேராகப் பார்ட்டிஷன் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. நடுவில் எல்விஎம் என்ற அடுக்கு இருக்கிறது. அது ஒன்றோ பலவோ பார்ட்டிஷன்களைச் சேர்த்து ஒரு பொதுக் குளமாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கும். டிஸ்க் 500 ஜிபி என்று வாங்கிவிட்டு, ரூட் 100 ஜிபிதான் காட்டுகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உபுண்டு சர்வரை நிறுவும்போது எதையும் மாற்றாமல் என்டர் தட்டிக்கொண்டே போனால், குளத்தின் ஒரு பகுதியை மட்டும் ரூட்டுக்குக் கொடுத்துவிட்டு மீதியைச் சும்மா வைத்திருக்கும். டிஸ்க் முழுவதையும் பூட்டும் என்க்ரிப்ஷன் போட்டிருந்தாலும் இப்படி ஓர் அடுக்கு வரும். எல்எஸ்பிஎல்கே வரையும் மரத்தில் கீழிருந்து மேலே ஏறிப்போனால் உண்மையான பார்ட்டிஷன் கிடைத்துவிடும்.

ஃபெடோராவில் 2020-ல் வந்த 33-வது பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைதான் இயல்பாக வருகிறது. அங்கே சாதனத்தின் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘/ரூட்’ என்று இருக்கும். பார்ட்டிஷனுக்குள்ளேயே பிரித்த ஓர் உட்பிரிவின் பெயர் அது. டாக்கர் கன்டெய்னருக்குள் நின்று கேட்டால் ‘ஓவர்லே’ என்று பதில் வரும். அது பொய் அல்ல. கன்டெய்னருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல்2 வைத்து லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு எஸ்டிசி, எஸ்டிடி என்று ஏதாவது வரும். ஆனால் அப்படி ஒரு டிஸ்க் லேப்டாப்பில் இருக்காது. சி டிரைவில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான் அங்கே டிஸ்க் வேஷம் போடுகிறது.

கிளவுடில் இன்னொரு பொறி. அமேசானின் புதிய வகை சர்வர்களில், இணையதளக் கன்சோலில் ஒரு டிஸ்க்குக்கு நீங்கள் பார்க்கும் பெயரும், சர்வருக்குள் லினக்ஸ் காட்டும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல்லாம் என்விஎம்இ என்றே வரும், ரீபூட்டுக்குப் பின் வரிசையும் மாறலாம். கன்சோலைப் பார்த்துவிட்டு அந்த நம்பிக்கையில் சர்வருக்குள் போய் ஃபார்மட் செய்யாதீர்கள்.

ஓடாத கணினியில்தான் உண்மையான சிக்கல்

சரி, புனேக்கு வருவோம். நிறுவும் திரையை மூடச் சொல்லி, ‘உபுண்டுவை முயன்று பார்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பென் டிரைவிலிருந்தே ஒரு தற்காலிக உபுண்டு ஓட ஆரம்பிக்கும். எதையும் நிறுவாது, எதையும் அழிக்காது. டெர்மினல் திறந்து, நான் சொல்வதற்கு முன்பே அவன் ஃபைண்ட்எம்என்டி தட்டிவிட்டான்.

“‘/கவ்’னு வருதுக்கா. மாடா?”

மாடுதான் ஒரு விதத்தில். ‘எழுதும்போது மட்டும் நகலெடு’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அவன் கேட்டது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவின் ரூட் எது என்று. ஓடுவது பென் டிரைவில் உள்ளது. அதன் ரூட் நினைவகத்தில் இருக்கிறது. லாட்ஜில் தங்கிக்கொண்டு ரிசப்ஷனில் வீட்டு முகவரி கேட்டால் லாட்ஜ் முகவரியைத்தானே சொல்வார்கள்? பலர் சறுக்குவது இங்கேதான். லைவ் பென் டிரைவில் இருக்கும்போது, நேற்றுவரை சரியான பதில் கொடுத்த அத்தனை கட்டளைகளும் வேறு கணினியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

அதனால் நேராக ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’. டிஸ்க், பார்ட்டிஷன், ஒவ்வொன்றிலும் என்ன வகைக் கோப்பு முறைமை, அதன் யூயூஐடி எல்லாவற்றையும் இது காட்டும். அளவையும் பார்க்க வேண்டும் என்பதால் வெறும் எல்எஸ்பிஎல்கே-யையும் பக்கத்தில் ஓடவிட்டோம்.

மூன்று டிஸ்க்குகள். 476.9ஜி அளவுள்ள என்விஎம்இ. கடையில் 512 ஜிபி என்று விற்றது. 931.5ஜி அளவுள்ள எஸ்டிஏ. 1 டிபி என்று வாங்கியது. விற்கிறவர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், இந்தக் கட்டளை 1024-ன் மடங்கில் எண்ணுகிறது. அதனால் வரும் வித்தியாசம்தான், யாரும் உங்களை ஏமாற்றவில்லை. மூன்றாவது எஸ்டிபி. அது பென் டிரைவ்.

என்விஎம்இ-யில் ஐந்து பார்ட்டிஷன்கள். முதலாவது விஃபாட் வகை, 100எம்: இஎஃப்ஐ பார்ட்டிஷன், கணினி ஆன் ஆனதும் முதலில் படிக்கிற இடம். இரண்டாவது 16எம், கோப்பு முறைமையே இல்லை: விண்டோஸ் தனக்காக ஒதுக்கி வைத்த துண்டு. மூன்றாவதும் நான்காவதும் என்டிஎஃப்எஸ்: ஒன்று விண்டோஸின் சி டிரைவ், மற்றது அதன் மீட்புப் பகுதி. ஐந்தாவது ஈஎக்ஸ்டி4. எஸ்டிஏ-யில் இரண்டு, இரண்டுமே ஈஎக்ஸ்டி4.

விண்டோஸுடன் சேர்த்து லினக்ஸ் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. ரூட் எது என்பதைவிட ரூட்டாக இருக்கவே முடியாதவை எவை என்று கழித்துக்கொண்டே வருவது வேகமான வழி. என்டிஎஃப்எஸ், விஃபாட், பிட்லாக்கர், ஸ்வாப் எல்லாம் போய்விடும். யூயூஐடி-யின் வடிவமே பாதியைச் சொல்லிவிடும். லினக்ஸ் கோப்பு முறைமையின் யூயூஐடி நான்கு சிறுகோடுகளோடு 36 எழுத்து நீளம் இருக்கும். ஃபாட் வகைக்கு நடுவில் ஒரு கோடு போட்ட எட்டே எழுத்துகள். என்டிஎஃப்எஸ்-க்குக் கோடே இல்லாத பதினாறு.

கழித்த பிறகு எங்களுக்கு மூன்று மிஞ்சின. எஸ்டிஏ1, எஸ்டிஏ2, என்விஎம்இ-யின் ஐந்தாவது. மூன்றும் ஈஎக்ஸ்டி4.

உள்ளே எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எட்டிப் பார்க்கும்போது எதையும் மாற்றக் கூடாது. சாதாரணமாக மவுண்ட் செய்தாலே கோப்பு முறைமையில் சில குறிப்புகள் எழுதப்படும். ‘படிக்க மட்டும்’ என்று சொல்லி மவுண்ட் செய்தாலும் ஈஎக்ஸ்டி4 தன் ஜர்னலில் முடியாமல் கிடக்கும் வேலையை முடித்துவைக்கப் பார்க்கும். அதையும் தடுக்க இன்னொரு சொல் சேர்க்க வேண்டும்:

சூடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோலோட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி

எஸ்டிஏ1-க்குள் ஈடிசி, யுஎஸ்ஆர், வார், ஹோம் என்று எல்லாம் இருந்தன. “பாத்தியா, நான் சொன்னேன்ல, இதுதான் ரூட்” என்றான். ஆமாம், அது ஒரு ரூட்தான். ஆனால் இந்தக் கணினியின் ரூட்டா? ‘ஈடிசி’ ஃபோல்டரில் உள்ள ‘ஓஎஸ்-ரிலீஸ்’ என்ற கோப்பைத் திறக்கச் சொன்னேன். உபுண்டு 18.04 என்று இருந்தது.

“நீ 22.04-ல இல்ல இருந்த?”

கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப்பின் டிஸ்க் அது. அவன் வயதுக்காரர்கள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானதே, தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸில்தான். அதைச் செய்தது சென்னை சி-டாக். அதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, கடைசியில் உபுண்டு 18.04-ல் நின்று, அந்த டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டிவிட்டு மறந்தே போயிருக்கிறான்.

அதன் ஹோம் ஃபோல்டருக்குள் போகச் சொன்னேன். பிக்சர்ஸ். அதற்குள் வருட வாரியாக ஃபோல்டர்கள்.

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, “அப்பா போட்டோ எல்லாம் இங்கதான்க்கா இருக்கு. நான் எஸ்டிஏ2-லன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றான்.

எந்த ரூட்டிலிருந்து கணினி எழுகிறது?

இரண்டு ரூட் இருந்தால் எது நடப்பில் உள்ளது என்று எப்படிச் சொல்வது? என்விஎம்இ-யின் ஐந்தாவதை அதேபோல் மவுண்ட் செய்தோம். 22.04. அதன் ‘வார்’ ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் கோப்புகளின் தேதியைப் பார்த்தோம். கடைசிப் பதிவு அன்றைய ராத்திரி. எஸ்டிஏ1-ல் கடைசிப் பதிவு பல வருடம் பழையது. இதுவே போதும்.

இன்னும் உறுதியான சாட்சி இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கிறது. அதற்குள் இஎஃப்ஐ, அதற்குள் உபுண்டு என்ற ஃபோல்டரில் ‘கிரப்.சிஎஃப்ஜி’ என்று மூன்றே வரி உள்ள ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். அதன் முதல் வரி, பூட் விவரங்களுக்காக எந்த யூயூஐடி உள்ள பார்ட்டிஷனைத் தேட வேண்டும் என்று சொல்லும். பூட்டுக்கெனத் தனிப் பார்ட்டிஷன் போடாதவர்களுக்கு அதுவே ரூட். அந்த 36 எழுத்தை எல்எஸ்பிஎல்கே காட்டியதோடு ஒப்பிட்டோம். ஐந்தாவது பார்ட்டிஷனேதான்.

யூயூஐடி-யை ஏன் இவ்வளவு நம்பலாம்? கோப்பு முறைமையை உருவாக்கும்போதே அதன் உள்ளே எழுதப்படும் 128 பிட் எண் அது. எந்தத் துளையில் செருகினாலும், எந்த வரிசையில் எழுந்தாலும் மாறாது. எச்டி பெயர்கள் எஸ்டி ஆன அந்தக் காலத்தில், பழைய பெயரை எழுதி வைத்திருந்த கணினிகள் தங்கள் வேரைத் தேடித் தவித்தன. உபுண்டு போன்றவை எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி எழுதத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் யூயூஐடி-யும் சேர்ந்து நகலாகும். அசலையும் நகலையும் ஒரே கணினியில் மாட்டி ஆன் செய்தால், எது எழும் என்பது அதிர்ஷ்டம். குளோன் செய்து முடித்ததும் ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

ரூட் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான கேள்வி: அது ஏன் எழவில்லை? அதற்கு ஐந்தாவது பார்ட்டிஷனின் எஃப்எஸ்டேப்பைத் திறந்தோம். ரூட்டுக்கு ஒரு வரி, யூயூஐடி-யோடு. இஎஃப்ஐ-க்கு ஒரு வரி, யூயூஐடி-யோடு. ஸ்வாப் கோப்புக்கு ஒன்று. நான்காவது வரி நிறுவி எழுதியதல்ல, கையால் எழுதியது:

/டெவ்/எஸ்டிபி1 /பேக்கப் ஈஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ் 0 2

“இது என்ன?”

போன வாரம் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, தானாக மவுண்ட் ஆகட்டும் என்று ஏதோ வீடியோ பார்த்து எழுதினானாம். அன்று மாலை அதை ஆபீஸ் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். கணினி எழும்போது எஸ்டிபி1-ஐத் தேடியிருக்கிறது. ஒன்றரை நிமிடக் காத்திருப்பு அதற்குத்தான்; சிஸ்டம்டி இயல்பாகக் கொடுக்கும் கெடு 90 விநாடி. கிடைக்கவில்லை என்றதும், இந்தப் பட்டியலில் உள்ள எல்லாம் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது. ரூட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

“இப்ப அங்க எஸ்டிபி எது, பாரு.”

பார்த்துவிட்டுச் சிரித்தான். பென் டிரைவ்.

பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து (அந்தக் கட்டளையில் முதல் ‘என்’ கிடையாது, ‘யுமவுண்ட்’ என்றுதான் தட்ட வேண்டும், எத்தனை வருடமானாலும் நான் தப்பாகத்தான் தட்டுகிறேன்), இந்த முறை எழுதவும் முடிகிற மாதிரி சாதாரணமாக மவுண்ட் செய்து, நான்காவது வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டான். அந்தக் குறி இருந்தால் அந்த வரியைக் கணினி படிக்காது. பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். பன்னிரண்டே முக்காலுக்கு அவனுடைய பழைய திரை, பழைய வால்பேப்பரோடு வந்தது.

மறுநாள் டெமோ முடிந்ததும் அந்த வரியைத் திருத்தி அனுப்பினான். எஸ்டிபி1 இருந்த இடத்தில் வெளி டிஸ்க்கின் யூயூஐடி. டிஃபால்ட்ஸ் என்பதற்குப் பக்கத்தில் கமா போட்டு ‘நோஃபெயில்’: டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ பாட்டுக்கு எழுந்துவிடு என்று அர்த்தம். அதே வெளி டிஸ்க்கில் எஸ்டிஏ1-ன் பிக்சர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்தான். இன்னொரு நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்றாவது, சித்தி கேட்டார்கள் என்று, பென் டிரைவில் கூரியரில் போயிருக்கிறது.